உஷார்! உங்கள் மீன் தாங்கிக்கொண்டிருக்கிறது

"நேத்து சாயங்காலம்கூட நல்லா தீவனம் எடுத்துச்சு. காலைல போய்ப் பார்த்தா மொத்தமும் மிதக்குது."

பண்ணைக்குட்டையிலோ தொட்டியிலோ மீன் வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், பெரும்பாலும் இதுதான் வரும். அதைத் தொடர்ந்து, "எவனோ தண்ணியில மருந்தைக் கலந்துட்டான்", "குஞ்சே சரியில்லை" என்று ஒரு காரணமும் வரும். மீன் அதற்கு முன்பே நாள் கணக்கில் திணறிக்கொண்டிருந்திருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மாட்டுக்கு முடியவில்லை என்றால் கத்தும், அசைபோடாமல் படுத்துவிடும். கோழி சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நிற்கும். மீனுக்குக் குரல் கிடையாது. கலங்கிய தண்ணீருக்கு அடியில் அதன் முகமும் தெரியாது. நெருக்கடி வந்தால் அது முடிந்தவரை தாங்கிக்கொள்ளும். அப்படித் தாங்கும் நாட்களை நாம் 'நன்றாக இருக்கிறது' என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம். ஏமாறுவது அங்கேதான். மீன் வளர்ப்பவர்கள், வளர்க்கப் போகிறவர்கள், வளர்ப்பு மீன் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் மூன்று பேருமே உஷாராக இருக்க வேண்டிய விஷயம் இது.

தாங்குவதற்கும் விலை உண்டு

வலை பட்டாலோ, தண்ணீர் கெட்டாலோ, பக்கத்து மீன் துரத்தினாலோ மீனின் உடலில் சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. சில நிமிடங்களில் கார்டிசால் ஏறுகிறது. மனிதனுக்குப் பதற்றத்தில் சுரக்கும் அதே கார்டிசால்தான். மீனுக்கு அது சிறுநீரகத்தின் தலைப்பகுதியில் இருக்கும் செல்களிலிருந்து வருகிறது. இது முதல் கட்டம்.

இரண்டாம் கட்டத்தில் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், மூச்சு வேகமாகும், செவுள்களில் ரத்த ஓட்டம் கூடும். நன்னீர் மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் செவுளில் ரத்தம் கூடுதலாக ஓடும்போது உடலின் உப்பு வெளியே கசியும், தண்ணீர் உள்ளே புகும். அதைச் சரிக்கட்டவே மீன் தன் சக்தியில் கணிசமான பங்கைச் செலவழிக்கிறது. பார்வைக்கு அது சும்மா நீந்திக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நாளைய வளர்ச்சியை அடகு வைத்து இன்றைய மூச்சைக் கடனாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை வந்து போகும் நெருக்கடி என்றால் சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அது திரும்புவதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று என்று வந்தால் மூன்றாம் கட்டம் ஆரம்பம். வளர்ச்சி நிற்கும். தொடர்ந்து ஏறியே இருக்கும் கார்டிசால் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும். தண்ணீரில் எப்போதும் இருக்கிற ஏரோமோனாஸ் பாக்டீரியா அப்போதுதான் உள்ளே நுழையும். உடலில் ரத்தத் திட்டு, செதில் அடியில் புண், வீங்கிய வயிறு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. நாம் 'நோய் வந்துவிட்டது' என்று ஓடுவது இந்த மூன்றாம் கட்டத்தில். காப்பாற்றியிருக்கக்கூடிய காலம் இரண்டாம் கட்டத்திலேயே முடிந்திருக்கும்.

துள்ளி வரும் மீனை நம்பாதீர்கள்

தீவனம் வீசியதும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் மேலே வந்தால் மனம் குளிரும். மேலே வந்தவை எவை? வராதவை எத்தனை?

ஒரே குளத்து மீன்கள் எல்லாம் ஒரே சுபாவம் கொண்டவை அல்ல. இங்கிலாந்தின் விண்டர்மியரில் 1990-களில் பாட்டிஞ்சர், கேரிக் என்ற இரு ஆய்வாளர்கள் ரெயின்போ டிரவுட் மீன்களை இரு வம்சங்களாகப் பிரித்து வளர்த்தார்கள். ஒன்று நெருக்கடியில் கார்டிசால் அதிகம் சுரக்கும் வம்சம், மற்றது குறைவாகச் சுரக்கும் வம்சம். குறைவாகச் சுரக்கும் மீன்கள் முரட்டுத்தனமாக மற்றதை அடக்கின. புது இடத்தில் விட்டாலும் சீக்கிரமே தீவனம் எடுத்தன. அதிகம் சுரப்பவை பெரும்பாலும் அடங்கிப்போயின, தீவனம் எடுக்கத் தாமதித்தன. நெருக்கடியைச் சமாளிக்க எதிர்த்து நிற்பது ஒரு வழி, உறைந்து கிடப்பது இன்னொரு வழி. உங்கள் கண்ணுக்குப் படுவது முதல் ரகம் மட்டும்தான். இரண்டாவது ரகம் அடியில் கிடக்கிறது.

அந்த இரண்டாவது ரகம் கடைசியில் எங்கே போய் நிற்கலாம் என்பதற்கு நார்வேயில் ஒரு குறிப்பு உண்டு. அங்கே கடல் கூண்டுகளில் சால்மன் வளர்க்கிறார்கள். அந்தக் கூண்டுகளில் சில மீன்கள் வளர்ச்சி குன்றி, தீவனத்தைத் தீண்டாமல், தண்ணீரின் மேல்பரப்பில் மந்தமாக மிதந்துகொண்டிருக்கும். சில பண்ணைகளில் நான்கில் ஒரு பங்குவரைகூட இப்படி ஆவதுண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இவற்றின் மூளையைப் பரிசோதித்தது. கார்டிசாலும், மூளை ரசாயனமான செரடோனினின் செயல்பாடும் ஏறிய நிலையிலேயே நின்றுபோயிருந்தன. புதிதாக ஒரு நெருக்கடி கொடுத்தபோது மற்ற மீன்களைப்போல அந்த மூளை பதில் கொடுக்கவில்லை. நீண்டகால மனச்சோர்வில் இருக்கும் பாலூட்டிகளிடம் காண்பதைப் போன்ற நிலை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆகவே மேலே துள்ளுவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மாதம் ஒருமுறை மாதிரிக்குக் கொஞ்சம் மீன் பிடித்து எடை போடுங்கள். ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் ஒன்று கால் கிலோ, இன்னொன்று ஐம்பது கிராம் என்று இருந்தால் அதை 'ஜாதி அப்படி' என்று விட்டுவிடக் கூடாது. இளைத்தவை அடக்கப்பட்டுக் கிடக்கலாம். ஜிலேபி மீன் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: அடக்கப்பட்ட மீனின் கண் கருத்துப்போகும்.

ஆபத்து வரும் நான்கு நேரங்கள்

முதலாவது, குஞ்சு வந்து இறங்கும் நாள். ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் பல மணி நேரம் குலுங்கி வந்த குஞ்சு ஏற்கெனவே நொந்துபோயிருக்கும். பைக்குள் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் புளித்திருக்கும். அந்தப் புளிப்புதான் கழிவு அம்மோனியாவின் விஷத்தை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, புளிப்பு குறைந்து, அம்மோனியா விஷமாக மாறத் தொடங்கும். எனவே கட்டோடு பையைக் குளத்தில் இருபது நிமிடம், அரை மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பம் சமமான பிறகே திறக்க வேண்டும். திறந்ததும் குளத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, குஞ்சைத் தானாக வெளியே நீந்தவிட வேண்டும். திறந்த பையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் நிற்பது ஆபத்து. உச்சி வெயிலில் குஞ்சு இறக்குவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இரண்டாவது, விடியலுக்கு முந்தைய நேரம். பகலில் பாசி ஆக்சிஜன் தருகிறது. இரவில் அதே பாசியும் மீனும் சேற்றிலுள்ள கிருமிகளும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை மீன்களுக்கு நிம்மதி. 3-க்குக் கீழே போனால் திணறல். வெயில் காலத்தில் இன்னும் மோசம்: 20 டிகிரித் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். இரண்டு நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தாலே பாசியின் உற்பத்தி சரிந்துவிடும். கோடையில் திடீரென்று கொட்டும் மழைதான் பெரிய எமன். குளிர்ந்த மழைநீர் அடியில் இறங்க, ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீர் கிளம்பி மேலே வரும். ஊரே மழையைக் கொண்டாடும் அந்த இரவில் நீங்கள் தூங்கக் கூடாது.

மூன்றாவது, பிற்பகல். ஆக்சிஜன் நிறைய இருக்கும் நேரம்தான். ஆனால் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் தண்ணீரின் கார அமிலநிலை (பிஹெச்) ஏறும். அதே அளவு அம்மோனியாதான், ஆனால் பிஹெச் 7-இல் அதில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பிஹெச் 9-ஐத் தொட்டால் ஏறத்தாழ நாற்பது சதவீதம் விஷமாகிவிடும். காலையில் சோதித்து 'அம்மோனியா குறைவுதான்' என்று நிம்மதியாக இருந்தவர்கள் மாட்டுவது இங்கே. மீனின் கழிவும், அது எடுக்காமல் விட்ட தீவனமும்தான் இந்த அம்மோனியாவின் ஊற்று.

நான்காவது, வலை இழுக்கும் நாள். நெருக்கிப் பிடித்து, கரையில் கொட்டி, ரகம் பிரித்து, திரும்பத் தண்ணீரில் விடுகிறோம். செதில் உரிந்து, மேலிருக்கும் வழவழப்பு போய்விட்டால் கிருமிக்குக் கதவு திறந்தாகிவிட்டது. வலை இழுத்துச் சில நாட்கள் கழித்து நோய் கிளம்பும்போது, இரண்டுக்கும் தொடர்பு இருப்பதே பலருக்குத் தோன்றாது. முந்தின நாள் தீவனம் நிறுத்தி, விடிந்த பிறகு காலைக் குளிர்ச்சியில், ஈரக் கையோடு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். விட்ட பிறகு ஓரிரு நாள் தொந்தரவு செய்யாதீர்கள்.

தொட்டி மோகம்: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

"மொட்டை மாடியில் மீன் வளர்த்து மாதம் லட்சம்" என்ற வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பயோபிளாக் தொட்டி கட்டுகிறவர்கள் ஏராளம். 2020-இல் தொடங்கிய மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் 60 சதவீதம் என மானியமும் அறிவிக்கப்பட்டது. பயோபிளாக் மோசமான முறை அல்ல. தண்ணீரை மிச்சப்படுத்தும், கழிவையே நுண்ணுயிர்த் திரளாக்கித் தீவனமாக்கும். ஆனால் அது எவ்வளவு மெல்லிய கயிற்றில் நிற்கிறது என்பதைத் தொட்டி விற்பவர் உங்களிடம் சொல்வதில்லை.

கூட்டுமீன் வளர்ப்பில் ஒரு ஹெக்டேர் குளத்துக்குப் பரிந்துரை சுமார் 10,000 விரலிகள். குளம் ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் ஒரு மீனுக்குக் கிடைப்பது 1,500 லிட்டர் தண்ணீர். தொட்டியில் கன மீட்டருக்கு 50 மீன் விட்டால் ஒரு மீனுக்கு 20 லிட்டர், அதாவது ஒரு வாட்டர் கேன். அதிலும் தண்ணீரெங்கும் நிறைந்த பாக்டீரியாக்கள் அதே ஆக்சிஜனுக்குப் போட்டி போடுகின்றன. கரன்ட் போய் ஏரேட்டர் நின்றால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். குளத்து மீனுக்குத் திணற ஓர் இரவு அவகாசம் உண்டு. தொட்டி மீனுக்கு அதுவும் கிடையாது.

"விரால் விடுங்க சார், அது காற்றையே சுவாசிக்கும், எவ்வளவு நெருக்கினாலும் தாங்கும்" என்று ஒரு ஆலோசனை வரும். விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை மூன்றும் மேலே வந்து காற்றை விழுங்குவது உண்மை. அவை மேலே வருவதை மட்டும் வைத்துத் திணறல் என்று முடிவு கட்டக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் காற்றைச் சுவாசிப்பதால் அம்மோனியா கடிக்காமல் விடாது. நெருக்கடியில் விரால் தன் இனத்தையே விழுங்கும். 'தாங்கும்' என்ற சொல்லைக் கேட்டால் உடனே உஷாராகுங்கள்.

மருந்தே எமனாகும்

மூன்றாம் கட்டத்தில் விழித்துக்கொண்டவர் அடுத்து ஓடுவது மருந்துக் கடைக்கு. கடைக்காரர் ஒரு ஆன்டிபயாடிக் கொடுப்பார். பக்கத்துப் பண்ணைக்காரர் இன்னொன்று சொல்வார். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகள் உணவுக்கான மீன், இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதி இறாலில் இவற்றின் எச்சம் சிக்கி, சரக்கையே ஐரோப்பா திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. பூஞ்சைக்குப் போடும் மாலகைட் கிரீன் சாயத்தை உணவு மீனில் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. உள்ளூரில் விற்கும் மீனுக்கு அவ்வளவு சோதனை இல்லை. அதைத் தின்பது நாமும் நம் பிள்ளைகளும்தான். அரைகுறையாகப் போட்ட மருந்துக்குப் பழகிய கிருமி குளத்தோடு நிற்பதும் இல்லை.

அனுமதி பெற்ற சிகிச்சையாகவே இருந்தாலும் நொந்த மீனுக்கு அது இன்னொரு அடி. மறுபடியும் நார்வேயைப் பாருங்கள். பணம், தொழில்நுட்பம், மீன் மருத்துவர்கள் எதற்கும் அங்கே குறைவில்லை. இருந்தும் 2023-இல் கடல் கூண்டுகளில் 6 கோடியே 28 லட்சம் சால்மன்கள் செத்தன. கூண்டுகளில் இருந்தவற்றில் 16.7 சதவீதம். மீன் பேனை ஒழிக்க உறிஞ்சி எடுத்து, வெந்நீரில் முக்கி, பிரஷ் போட்டு உரசுகிறார்கள். அந்தச் சிகிச்சையில் ஏற்படும் காயங்களே முக்கியமான சாவுக் காரணங்களில் ஒன்று என்று அந்நாட்டுக் கால்நடை மருத்துவ நிறுவனத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், வாளியில் மருந்தைக் கரைத்துக் கண்ணளவில் ஊற்றும் நமக்கு?

இதைப் பார்த்தால் உடனே இறங்குங்கள்

• விடியலில் கெண்டைகள் மேலே வந்து வாய் பிளப்பது, தண்ணீர் விழும் வாய்க்காலில் கூட்டமாக ஒண்டுவது.

• வழக்கமான தீவனத்தில் மிச்சம் கிடப்பது. ஒரு வேளைத் தீவனம் மிச்சம் இருந்தாலே எச்சரிக்கைதான்.

• செவுள் மூடி படபடவென்று அடிப்பது, நிறம் கருப்பது, கூட்டத்தை விட்டுத் தனியே திரிவது.

• கல்லிலும் கரையிலும் உடம்பைத் தேய்ப்பது (பேன் ஒட்டியிருக்கலாம்).

செய்ய வேண்டியது: தீவனத்தை நிறுத்துங்கள். ஏரேட்டரைப் போடுங்கள். இல்லையென்றால் மோட்டாரை வைத்துக் குளத்துத் தண்ணீரையே உயரத்திலிருந்து தெளித்து விழவிடுங்கள். போர்த் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அதையும் தெளித்துத்தான் விட வேண்டும். வலையைத் தொடாதீர்கள். சோதிக்காமல் சுண்ணாம்பு கொட்டாதீர்கள், அம்மோனியா இருக்கும் குளத்தில் அது விஷத்தைக் கூட்டிவிடும். மீன்வளத் துறை ஆய்வாளரையோ, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள மையத்தையோ கேளுங்கள். அவசரத்துக்குக் கிசான் கால் சென்டர் 1800-180-1551.

வாங்குகிறவர்களும் உஷார்

'உயிர் மீன்' என்று பலகை வைத்த கடையில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மீனைப் புத்தம் புதியது என்று நம்பி வாங்குகிறோம். அது உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். திணறித் துடித்துச் சாகும் மீன் தசையில் சேமித்த சத்தை எரித்துத் தீர்த்துவிடும். லாக்டிக் அமிலம் சேர்ந்து, உடல் சீக்கிரம் விறைத்து, சதை தளர்ந்துபோகும். சீக்கிரம் கெடவும் செய்யும். கெளுத்தி வாங்கினால் கூடுதல் கவனம் வேண்டும். நாட்டுக் கெளுத்தி என்ற பெயரில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விற்பார்கள். நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட இனம் அது.

"மீனுக்கு என்ன வலி தெரியும்?" என்கிறீர்களா? 2003-இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் டிரவுட் மீனின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்திய மீன்கள் வாயைச் சரளைக் கற்களில் தேய்த்தன, மணிக்கணக்கில் தீவனத்தைத் தொடவில்லை. வலி மருந்து கொடுத்தால் அந்த நடத்தை குறைந்தது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் மனிதன் தவிர்த்த எந்த உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது. மீன் அதற்குள் அடங்கும். மூச்சுத் திணறவிட்டோ, பனிக்கட்டியில் போட்டோ, உயிரோடு உப்பில் புரட்டியோ கொல்வது மீன் நலனுக்குக் கேடு என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிமுறை. எனவே வெட்டச் சொல்வதற்கு முன் கடைக்காரரிடம், "முதல்ல தலையில ஓங்கி ஒரு அடி போடுங்கண்ணே" என்று சொல்லுங்கள். நினைவு தப்பிய பிறகு வெட்டட்டும். உங்களுக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். மீனின் வேதனை அங்கேயே நிற்கும், சதையும் கெட்டியாக இருக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன்

தொட்டியோ குளமோ போட்டுத் தர யாராவது வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரு கன மீட்டரில் எத்தனை மீன், அறுவடை எடையில் மொத்தம் எத்தனை கிலோ? கரன்ட் இல்லாமல் ஏரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், அதற்கு ஜெனரேட்டரின் விலை உங்கள் மதிப்பீட்டில் இருக்கிறதா? நீங்கள் அமைத்துக் கொடுத்த பண்ணைகளில் போன சுற்றில் எத்தனை மீன் செத்தது, அதை நான் நேரில் போய்ப் பார்க்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு அவர் முகம் மாறினாலோ, "அதெல்லாம் தாங்கும் சார்" என்று சிரித்து மழுப்பினாலோ, மடி முடிச்சை அவிழ்க்காதீர்கள். அவர் சொல்லும் லாபக் கணக்கில் மீன் செத்தால் வரும் நஷ்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த நஷ்டம் முழுக்க உங்கள் தலையில்தான் எழுதப்படும்.